பங்களாவில் பார்க்கிறவரின் அம்மாவை யார் பார்ப்பது?



வன்கொடுமை வழக்கு, கல்வி உதவித்தொகை, பஞ்சமி நிலம் என்று பேசிப் பழகிய நாம் இன்று மூத்திரத் துணி, படுக்கைப்புண், மாத்திரை அட்டை பற்றிப் பேசலாம். இதெல்லாம் வீட்டு விஷயம், இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பவர்கள் நம்மிலேயே உண்டு. எங்கள் அனுபவம் வேறு. அன்றாடம் கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்தில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், அல்லது ஒருவருக்கு மனநோய் வந்துவிட்டால், ஒரு வருடத்துக்குள் அந்த வீட்டில் கடன் ஏறுகிறது. ஒரு பெண்ணின் கூலி நிற்கிறது. பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளையின் படிப்பும் நிற்கிறது. நோயாளியின் மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. பார்த்துக்கொள்ளும் வேலை மொத்தத்தையும் வீட்டில் இருக்கும் ஒரே பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, ஆண்களும் ஊரும் அரசும் ஒதுங்கிக்கொள்வதுதான் காரணம்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வில்பட்டி தெரியாது. நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால் மலைச்சரிவில் படிப்படியாகத் தோட்டங்கள்: கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தப் பூண்டை நட்டு, களையெடுத்து, பிடுங்கி, கட்டுக் கட்டுகிற கைகளுக்கு எந்தக் குறியீடும் இல்லை. தோட்ட வேலை இல்லாத நாட்களில் பெண்கள் கொடைக்கானலுக்கு வேலைக்குப் போகிறார்கள். லாட்ஜில் பெட்ஷீட் துவைப்பது, பாத்திரம் கழுவுவது, பங்களாவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது. பங்களாப் பெரியவர்களின் பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

அப்படிப் போகிற ஒரு அக்காவை எங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். காலை 7 மணிக்குள் பங்களாவில் இருக்க வேண்டும். அங்கே ஒரு பாட்டியம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, கைத்தாங்கலாக நடக்கவைத்து, மருந்து கொடுத்துவிட்டு இருட்டும்போது வீடு திரும்புவார். வீட்டில் அவருடைய அம்மா, பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, பாயில் கிடந்தார். பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டது அக்காவின் மகள். பத்தாம் வகுப்பு. நாங்கள் போனபோது அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. “அம்மாச்சிக்கு மூத்திரம் போனா யாரு துணி மாத்துறது?” என்று எங்களையே கேட்டது. எங்களிடம் பதில் இல்லை.

சமூகவியல் படிக்கிறவர்களுக்கு ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்க அறிஞரைத் தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டில் அவர் உலகப் பராமரிப்புச் சங்கிலி என்ற கருத்தை முன்வைத்தார். பணக்கார நாட்டுக் குழந்தையை வளர்க்க ஏழை நாட்டிலிருந்து ஒரு தாய் போகிறார். அவருடைய குழந்தையை வளர்க்க இன்னும் ஏழையான ஒரு பெண் வருகிறார். அந்தப் பெண்ணின் குழந்தையைக் கூலி இல்லாமல் மூத்த மகள் வளர்க்கிறாள். கீழே இறங்க இறங்க அந்த வேலையின் விலை குறைந்துகொண்டே போய், கடைசிக் கண்ணியில் ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடுகிறது. வகுப்பில் படித்தபோது இதைப் பிலிப்பைன்ஸ் கதையாகத்தான் படித்தோம். அந்தக் கடைசிக் கண்ணி வில்பட்டியில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இருந்தது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். பீ, மூத்திரம், சீழ், எச்சில், பிணம் ஆகியவற்றைத் தொடும் வேலையைத் தீட்டு என்று சொல்லி, அந்த வேலையைச் சிலருடைய பிறவிக் கடமையாக்கியதுதான் சாதி. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் தடை செய்தன. அவை கக்கூஸையும் சாக்கடையையும் பற்றியவை. நோயாளியின் படுக்கைக்கு அருகில் அந்தப் பழைய கணக்கு இன்னும் ஓடுகிறது. ஊசி போடுவது மரியாதையான வேலை. படுக்கைச் சட்டியை எடுப்பது கேவலமான வேலை. ஒரே உடம்புக்கு, ஒரே அறையில் நடக்கும் இரண்டு வேலைகள் இவை. இரண்டில் எதைச் சரியாகச் செய்யாவிட்டாலும் நோயாளி சாவார். ஆனால் ஒன்றுக்குத்தான் படிப்பும் சம்பளமும் சீருடையும்.

எங்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், நம் சமூகத்துப் பெண். “நோட்டுல எழுதாதீங்க, கையால செஞ்சு பாருங்க” என்று எங்களையே பாயில் படுக்கவைத்துப் புரட்டிக் காட்டினார். அவர் சொன்னவற்றில் முக்கியமானதை இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாளைக்கே தேவைப்படலாம்.

முதலில் தோல். அசையாமல் கிடக்கும் உடம்பில் எலும்பு துருத்திய இடங்களில் எடை அழுத்தி, ரத்தம் ஓடாமல் தசை செத்துப்போகிறது. அதுதான் படுக்கைப்புண். புட்டம், இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் டோரீன் நார்டன் என்ற செவிலியர் மருத்துவமனை முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வை 1962இல் வெளியிட்டார். எந்தக் களிம்பையும்விட, நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே புண்ணைத் தடுக்கிறது என்பது அதில் தெரிந்தது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் பாயில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு மடித்த துணி. இழுத்து நகர்த்தக் கூடாது, தோல் உரியும். விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் தூக்கி நகர்த்த வேண்டும்.

ஒரு விஷயத்தை அவர் அழுத்திச் சொன்னார். புண் வருவதற்கு முன்னால் தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகங்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. நம்முடைய கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் இன்னும் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடாமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. கறுத்த இடத்தைத் தேய்த்து விடவே கூடாது. புண்ணாகிவிட்டால் மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் போடக் கூடாது. செவிலியரிடம் காட்டி, கழுவிக் கட்டும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை, பயறு, பருப்பு என்று சத்து உள்ளே போனால்தான் புண் ஆறும்.

அடுத்தது சாப்பாடு. படுத்தபடியே வாயில் கஞ்சி ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய் சளிக்காய்ச்சல் வந்துவிடும். முதுகுக்கு அண்டை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே பார்க்க, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு வாயும் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. மூத்திரம் போகுமே என்று தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதனால் மலம் இறுகும், மூத்திரத்தில் கிருமி சேரும், புத்தி தடுமாறும்.

மூன்றாவது ஈரம். பெரியவர்களுக்கான டயபர் ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 3 வைத்தால் 120. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய். பத்து நாள் டயபரோடு அந்தப் பணம் தீர்ந்தது. ஆகவே நம் வீடுகளில் பழைய வேட்டியும் நூல்சேலையும்தான். அதை மடித்துப் போடுவதில் தவறே இல்லை; பிளாஸ்டிக் விரிப்பு நேரடியாகத் தோலில் படக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் வில்பட்டியில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் துணி நாள் கணக்கில் காயாது. அடுப்புக்கு மேல் கயிறு கட்டித்தான் காயவைக்கிறார்கள். குளிருக்கு என்று கதவைச் சாத்திய அறைக்குள் கரிக் கங்கு வைப்பது உயிருக்கே ஆபத்து. அந்தப் புகைக்கு வாசனை இருக்காது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். சர்க்கரை நோயாளியின் காலுக்குச் சுடுதண்ணீர் பாட்டில் வைக்காதீர்கள். வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. கம்பளியும் காலுறையும் போதும்.

நான்காவது, புத்தி மாறுவது. நேற்று வரை நன்றாகப் பேசிய பெரியவர் திடீரென்று ராத்திரியில் ஆளைத் தெரியாமல் கத்துகிறார், செத்துப்போனவர்களைக் கூப்பிடுகிறார் என்றால், காத்து கருப்பு என்று பூசாரியைத் தேடுகிறோம், அல்லது வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். நாள் கணக்கில், மணிக் கணக்கில் வந்த தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் உடம்பில் காரணம் இருக்கும். மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல், மலச்சிக்கல், ரத்தத்தில் சர்க்கரையோ உப்போ குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகக் கூடியது. வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வரும் மறதி நோய் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால் சில உயிர்கள் பிழைக்கும்.

மனநோய்க்கு வருவோம். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் 10க்கு 7 பேருக்கு மேல் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று காட்டியது. சிகிச்சை கிடைக்காதவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், பூட்டிய அறையில். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று கல்லூரியில் படிப்பவர்கள் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்கள், அதனால் சொல்கிறோம். 2017இல் வந்து 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 19ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவருடைய உரிமை என்கிறது.

சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது லேசில்லை. மலைக்கிராமம் ஒன்றில் ஒரு தம்பியை அவனுடைய அம்மா பகலில் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். அந்த அம்மாவைக் கொடுமைக்காரி என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம். “பூட்டாம போனா பள்ளத்துல விழுந்துருவான். கூட இருந்தா சோத்துக்கு என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். அந்தப் பூட்டைச் செய்தது கூலியும் தனிமையும். ஆகவே நாங்கள் பூட்டை உடைக்கப் போகவில்லை. முதலில் பகலில் உட்கார ஆள் தேடினோம். வாரத்தில் சில நாள் அவனுடைய சித்தப்பா, சில நாள் எங்களில் ஒருவர். பூச்சிமருந்தையும் அரிவாளையும் வேறு வீட்டில் வைத்தோம். பிறகு மருத்துவர், மாத்திரை. கதவு மூன்றாவது மாதம்தான் நாள் முழுக்கத் திறந்தது.

அந்தத் தம்பியின் கதையில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுநாள் அவனுக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது, கண் மேலே செருகியது, நாக்கு இழுத்தது. ஊசி போட்டவர்கள் இப்படி வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. பேய்தான் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. சில மனநோய் மருந்துகளின் பக்கவிளைவு இது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். மாற்று ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அந்தச் செவிலியர் அம்மா போனில் கேட்டதுமே சொல்லிவிட்டார். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு அந்த ஒரு தகவல் இல்லையென்றால் மாத்திரை அத்தோடு நின்றிருக்கும், பூட்டு திரும்ப வந்திருக்கும்.

பேச்சும் ஒரு மருந்துதான். குரல் கேட்கிறது என்று சொல்பவரிடம் அதெல்லாம் பொய் என்று சண்டை போட வேண்டாம், ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று நடிக்கவும் வேண்டாம். “உனக்குக் கேக்குதுடா தம்பி, எனக்குக் கேக்கல. பயமா இருக்கா?” என்று கேட்டால் போதும். நல்லாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம். கை நடுக்கம், எச்சில் ஒழுகுதல், தூக்கம், எடை கூடுதல் என்று தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றச் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் ஆலோசனை 2022 அக்டோபரிலிருந்து கிடைக்கிறது. முதியோருக்கு 14567. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அடையாள அட்டை வாங்க முடியும். இந்தத் தகவல்களைத் தெருவுக்குக் கொண்டுபோவது நம் வேலை. ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுகின்றன: வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் சும்மா இருக்கிறாள் என்று. வில்பட்டியில் சும்மா இருக்கும் பெண்ணை நாங்கள் பார்த்ததில்லை. வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் மகளிர் குழுப் பெண்ணுக்கும் கிடைப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை.

கைவிடப்பட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தென்மாவட்டங்களில் ஒரு சொல் இருக்கிறது: தலைக்கூத்தல். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரை அனுப்பிவைப்பது. 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து இது பெரிய செய்தியாக வெளியே வந்தது. கேட்டு எல்லோரும் அதிர்ந்தார்கள். அதிர்ந்தவர்கள் அந்த வீட்டுக்கு ஒரு வாரம் துணி துவைத்துக்கொடுக்க வருவார்களா? கேரளத்தில் வந்தார்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், தெருத்தெருவாகத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து வளர்ந்தது. 2008இல் அந்த மாநில அரசு அதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. பக்கத்து மாநிலத்தில் முடிந்தது இங்கே முடியாதா?

நமக்கு இது புதிய வேலையும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் பத்திரிகையாளர், ஆய்வாளர் மட்டுமல்ல. நோயாளிகளின் நாடி பிடித்துப் பார்த்த சித்த மருத்துவர். 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது சாவித்திரிபாய் பூலே, மருத்துவரான மகன் யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். தீண்டப்படாதோர் குடியிருப்பிலிருந்து ஒரு நோயுற்ற சிறுவனைத் தூக்கிவந்தார். நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10ஆம் தேதி இறந்தார். அவருடைய படத்தை நம் மேடைகளில் பள்ளிக்கூட ஆசிரியையாக மட்டும் வைக்கிறோம். கடைசி நாட்களில் அவர் செய்தது நோயாளியைத் தூக்கும் வேலை.

ஆண் தோழர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. பாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும், பலமும் வேண்டும். போஸ்டர் ஒட்டவும் பந்தல் போடவும் இருக்கும் பலம் இதற்கு ஏன் வருவதில்லை? “பொம்பளைங்க வேலை” என்று நீங்கள் சொல்லும்போது, “அது அவங்க சாதி வேலை” என்று சொல்கிறவனின் குரல்தான் எங்களுக்குக் கேட்கிறது.

அந்த அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தெருவில் ஆறு வீடுகள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டன. ஆறில் இரண்டு பேர் ஆண்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் வந்து புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு நேரத்தை எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் கோடு போட்டார்கள். இடுப்பில் இருந்த புண் ஆற நான்கு மாதம் ஆனது. பிள்ளை பள்ளிக்குத் திரும்பியது. அந்த அம்மா பத்து மாதம் கழித்துத்தான் இறந்தார், உடம்பில் ஒரு புண் இல்லாமல். குளிப்பாட்டிய பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

இதை அன்பின் வெற்றி என்று கொண்டாட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆறு வீடுகளும் பத்து மாதம் கூலி இல்லாமல் செய்த வேலை அது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம். உங்கள் ஊரில் படுக்கையில் இருப்பவர்கள், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் என்று இந்த மாதம் கணக்கெடுங்கள். ஒரு செவிலியரை அழைத்து வந்து பத்துப் பேர், அதில் ஐந்து ஆண்கள், இந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதே கணக்கை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டும், பகல்நேரப் பராமரிப்பு இல்லம் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது பதினொன்றாம் வகுப்பு. நர்சிங் படிக்கப் போவதாகச் சொல்கிறது. படிக்கட்டும். ஆனால் பத்தாம் வகுப்பில் அது சம்பளமில்லாமல் செய்த இரண்டு மாத வேலைக்கு இன்னும் யாரும் கணக்குத் தீர்க்கவில்லை.

ஜெய்பீம்.